தைராய்டு புற்றுநோய் குணமான பிறகும் அம்மாவுக்கு ஏன் இவ்வளவு சோர்வு?

பாம்பனில் மீன் விற்கும் உங்கள் அம்மாவுக்குத் தைராய்டை முழுதாக எடுத்து 2 வருடம் ஆகிறது, ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் பழைய ஆளாக இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா சாக்குச் சொல்லவில்லை. நிறையப் பேருக்கு இந்தச் சோர்வு இருக்கிறது.

முதலில், எடுத்த தைராய்டுக்குப் பதிலாகப் போடும் ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸினை எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். மண்டபத்தில் என் சித்தி விடிகாலை 4 மணிக்கு எழுந்து, பால் டீயோடு தைராக்ஸினை விழுங்கிவிட்டுக் கரைக்கு ஓடுவார். டீயும் காபியும் அந்த மருந்தைச் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். மருந்தின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் (மருந்தின் அளவு சரியா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும்.

அப்புறம் குரல். குரல்நாணுக்கான நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது; ஆபரேஷனில் அது பாதிக்கப்படலாம். ஏலத்தில் கூவுகிறவருக்கு மதியத்துக்குள் தொண்டை கம்மினால் பிழைப்பே போச்சு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், குரல் பயிற்சி உண்டு. உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரமரத்தால் உடனே கால்சியம் பரிசோதனை செய்யுங்கள்.

மீனை நிறுத்தாதீர்கள். மீன், கருவாடு, அயோடின் உப்பு விலக்கெல்லாம் மிஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சையை ஒட்டிய ஓரிரு வாரங்களுக்குத்தான்.

பயமும் ஆளைத் தின்னும். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு தைரோகுளோபுலின் இரத்தப் பரிசோதனைக்கு முன்னும் சித்தி தூங்க மாட்டார். ரிப்போர்ட் வரும்வரை எங்களில் யாராவது அவர் பக்கத்தில் படுத்துக்கொள்வோம்.