பரணில் கிடந்த பழைய காமிக்ஸ்: கேள்வி பதில்

முத்து, லயன், ராணி என்று 70, 80, 90களில் வாங்கிச் சேர்த்த காமிக்ஸை இப்போது பரணிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பவர்களின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

அண்ணே, சின்ன வயசுல படிச்ச 'மாயாவி'க்கு மண்டை ஓட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, கூடவே ஒரு ஓநாய். ஆசையா இரும்புக்கை மாயாவி வாங்கினா அதுல அந்த ஆளே இல்லை. நான்தான் குழப்பிக்கிட்டேனா?

குழப்பம் உங்களுடையது இல்லை தம்பி, மாயாவி என்ற பெயரில் தமிழில் இரண்டு பேர் உண்டு. இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய 'ஸ்டீல் கிளா'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது இவரை வைத்துத்தான். மோதிரக்காரர் வேறு ஆள்: லீ ஃபாக் 1936இல் படைத்த 'ஃபேண்டம்'. முத்துவில் அவர் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. நீங்கள் தேட வேண்டியது ராணி காமிக்ஸை.

ராணி, லயன் இரண்டில் எது முந்தியது?

இரண்டுமே 1984 ஜூலை. ராணியின் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி'. லயனுடையது 'கத்தி முனையில் மாடஸ்டி'.

பழைய புத்தகக் கடையில் வாங்கியது அசல் பதிப்புதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

முதலில் மறுபதிப்பா என்று பாருங்கள். முத்துவின் பழைய கதைகள் பல 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' வரிசையில் திரும்ப வந்தன. கதைத் தலைப்பை மட்டும் நம்பக்கூடாது. வெளியீட்டு எண், விலை, 'அடுத்த வெளியீடு' அறிவிப்பு, பின்னட்டை விளம்பரம் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஒட்டுவேலை. அட்டை போன பழைய உள்தாள்களுக்குப் புதிதாக அட்டை அச்சடித்துப் போடுவதுதான் அதிகம் நடக்கிறது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அட்டையைப் பாருங்கள். அச்சகத்தின் ஆஃப்செட் அச்சில் வண்ணங்கள் ஒழுங்கான சிறு புள்ளிகளாக, பூ மாதிரி கூடியிருக்கும். இங்க்ஜெட்டில் மை தெளித்தாற்போல் சிதறியிருக்கும். ஜெராக்ஸ் பொடி தாளின் மேல் பளபளவென்று நிற்கும், கோடுகளைச் சுற்றிக் கரும்பொடி இறைந்திருக்கும்.

அதைவிட நம்பகமான சாட்சி, தாள்களை நடுவில் பிடித்திருக்கும் இரும்புப் பின். 40 வருஷத் துரு உள்தாளில் மட்டும் நிற்காது, அட்டையின் உட்பக்கத்திலும் பழுப்பாக ஊறியிருக்கும். உள்தாளில் துருக்கறை இருந்து அட்டை சுத்தமாக இருந்தாலோ, அட்டையில் துளை இரண்டு ஜோடியாக இருந்தாலோ, அது பிற்பாடு சேர்த்த அட்டை.

பின் துருப்பிடித்து நடுத்தாள் கிழிகிறது. பிடுங்கிவிடலாமா?

பிடுங்க வேண்டாம், நிமிர்த்தி எடுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுங்கள். அதன்மேல் மொன்னைக் கத்தி முனையை வைத்து ஒவ்வொரு காலாக நெம்பி நேராக்குங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து பின்னை நேராக வெளியே இழுங்கள். துருவோடு தாள் ஒட்டியிருந்தால் இழுக்காமல், காலைச் சிறு கட்டரால் துண்டித்து எடுங்கள். உதிர்ந்த துருப்பொடியை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். தண்ணீர் படக்கூடாது, கறை பரவும். மறுபடி பின் அடிப்பதைவிட, அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்ளே முடிச்சிடுவது நல்லது. இறுக்கினால் நூலே தாளை அறுத்துவிடும்.

எந்தப் பக்கம் காணாமல் போயிருக்கிறது என்று சீக்கிரம் பார்க்க வழி?

நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளுக்கு நான்கு பக்கம். அட்டை நீங்கலாக 64 பக்கம் என்றால், ஒரே தாளின் ஒரு முகத்தில் இடமும் வலமுமாக வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை 65. 5ஆம் பக்கம் போயிருந்தால் அதன் மறுபாதியான 60ஐப் பாருங்கள். ஒன்று அதுவும் போயிருக்கும், இல்லை பிடிப்பில்லாமல் தொங்கும்.

கிழிசலுக்கு அப்போது செலோடேப் போட்டேன். இப்போது மஞ்சளாகிவிட்டது.

பிளாஸ்டிக் தானாக உரிந்து கறை மட்டும் நின்றால் அப்படியே விடுங்கள். பெட்ரோல், தின்னர் எல்லாம் அச்சு மையையும் கூட்டிக்கொண்டு பரவும். டேப் இன்னும் பிடித்திருந்தால், முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் சில விநாடி காட்டி, தாளோடு படிந்தாற்போல் பின்னோக்கி மெதுவாக உரியுங்கள். நார் எழும்பினால் அங்கேயே நிறுத்துங்கள்.

புதிதாக ஒட்டக் கடைப் பசை வேண்டாம். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்தச் செம்பு உப்பு தாளை இன்னும் வேகமாக நொறுக்கும். கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. சிறுதீயில் கைவிடாமல் 20 நிமிடம் கிளறினால் கண்ணாடி போலாகும். ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். ஜப்பானிய மெல்லிய தாளைக் கத்தரிக்காமல் கையால் 5 மி.மீ. அகலத்துக்குக் கிழித்தால் ஓரத்தில் நார் நிற்கும், அதுதான் பிடிப்பு. பசை நீர்த்திருந்தால் செய்தித்தாள் காகிதத்தில் அலையலையாகக் கறை விழும். ஒட்டியபின் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒற்றுத்தாள், எடைக்கு ஒரு தடிமனான புத்தகம். இரவு முழுக்க இருக்கட்டும்.

லேமினேட் செய்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். தாளைப் பழுப்பாக்கும் அமிலம் மரக்கூழிலேயே இருக்கிறது. உறை போட்டாலும் உள்ளே அது வேலையைத் தொடரும், பிரிக்கவும் முடியாது.

ராமபாணப் பூச்சி புத்தகத்தை அரிக்கிறது. பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன்.

உருண்டை பூச்சியை விரட்டுவதைவிட உங்கள் மூச்சுக்குத்தான் அதிகம் கெடுதல். புத்தகத்தை ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு கவரிலும் இட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்து 24 மணி நேரம் கவரைத் திறக்கக்கூடாது. அவசரப்பட்டால் தாளிலேயே நீர் கோக்கும். பிறகு சுவரை ஒட்டாத அலமாரியில், பி.வி.சி. அல்லாத பாலிப்ரொப்பிலீன் கவரில், படுக்கையாக அடுக்குங்கள். ஓர் அடுக்கில் 15, 20க்கு மேல் வேண்டாம்.

ஸ்கேன் செய்தால் மஞ்சளும் பின்பக்கப் படமும் சேர்ந்து தெரிகிறது.

தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், மறுபக்கம் அமுங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் பக்கமானாலும் வண்ணத்தில், 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். வண்ணக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி அடுக்காக இருக்கும். மஞ்சள் கறை நீல அடுக்கில் கருப்பாகவும், சிவப்பில் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் பதிவாகும். சிவப்பை மட்டும் பிரித்தெடுத்தால் கோடுகள் தெளிவாக நிற்கும். முதுகு இறுகிய பைண்டு வால்யூமை ஸ்கேனர் மூடியால் அழுத்தாதீர்கள். இரண்டு அட்டைகளை 90 டிகிரி 'வி' வடிவில் நிறுத்தி, அதில் கிடத்தி மேலிருந்து படமெடுங்கள். திருத்தாத வண்ணக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், மூலத் தாளின் நிறம் அதில் மட்டுமே இருக்கும்.