பி.எச்டி.: முதலில் லேபைப் பாருங்கள், தலைப்பு அப்புறம்

கேள்வி: எம்.இ. தெர்மல் முடித்து, தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வேலையில் இருந்தபடியே பார்ட் டைமில் பி.எச்டி. சேரலாமா, வேலையை விட்டுவிட்டு ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் முழுநேரமாகச் சேரலாமா? குழாயில் நானோஃப்ளூயிட் (நானோ துகள் கலந்த திரவம்) வெப்பப் பரிமாற்றம் என்ற தலைப்பை மனதில் வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: வீட்டுச் செலவு உங்கள் சம்பளத்தை மட்டும் நம்பி இல்லையென்றால் முழுநேரமே நல்லது. மத்திய கல்வி அமைச்சக உதவித்தொகை முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். எத்தனை ஆண்டுவரை தருவார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பழையது காலாவதியாகியிருந்தால் மறுபடி எழுத வேண்டிவரலாம். நேர்முகத்தில் உங்கள் எம்.இ. புராஜெக்ட்டைவிட அடிப்படையைத்தான் அதிகம் துருவுவார்கள்: எல்லைப் படலம் (பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய திரவ அடுக்கு), ஃபின் (வெப்பத்தை வெளியேற்றும் தகடு), எனர்ஜி ஈக்குவேஷன், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்.

தலைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர், 700 வாட் ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வெப்பநிலை வித்தியாசம் சுமார் 5 டிகிரிதான். கடையில் வாங்கி அப்படியே மாட்டும் சாதாரண கே-டைப் தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) ஒவ்வொன்றிலும் ±2.2 டிகிரி பிழை இருக்கலாம். இரண்டு பிழைகளையும் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கும் முறையில் சேர்த்தால் அந்த 5 டிகிரியில் ஏறக்குறைய 3 டிகிரி சந்தேகத்துக்குரியது. நானோ துகள் சேர்த்ததால் வெப்பப் பரிமாற்றம் 10 சதவீதம் கூடியது என்று அதை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? எல்லா சென்சார்களையும் ஒரே வாட்டர் பாத்தில் போட்டு, 0.1 டிகிரிக்குள் காலிபரேட் செய்தால் பிழை 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதன்பின் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, ஹீட்டர் கொடுத்த வாட்டும் தண்ணீர் வாங்கிய வெப்பமும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா, நஸல்ட் எண் (வெப்பப் பரிமாற்றத்தின் அளவைக் காட்டும் எண்) குழாய் ஓட்டத்துக்கான க்னீலின்ஸ்கி சமன்பாட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இவை சரியாக வராமல் நானோ துகள் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொன்று. பலர் ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் (வேகம், குழாய் அளவு, பிசுக்குமை ஆகியவற்றைச் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) தண்ணீரையும் நானோஃப்ளூயிடையும் ஒப்பிடுகிறார்கள். நானோஃப்ளூயிடின் பிசுக்குமை கூடுதல் என்பதால், அதே எண்ணை எட்ட அதை வேகமாகத் தள்ள வேண்டும். நீங்கள் காட்டும் முன்னேற்றத்தில் ஒரு பங்கு அந்த வேகத்தால் வந்ததாக இருக்கும். ஒரே பம்பிங் பவரில் ஒப்பிடுங்கள். துகள் எத்தனை நாளில் படிகிறது என்பதையும் அளந்து வையுங்கள். வைவாவில் இந்த இரண்டையும் கட்டாயம் கேட்பார்கள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே நெரிசலான இந்தத் தலைப்பைவிட, கைடின் லேபில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செட்டப்பை ஒட்டிய தலைப்பே மேல். புது செட்டப் என்றால் கொட்டேஷன், டெண்டர் என்றே முதல் வருடம் போய்விடும்.

அதனால் கைடைப் பார்க்கப் போகும்போது லேபைக் காட்டச் சொல்லுங்கள். அவருடைய பழைய மாணவர்களின் தீசிஸ் ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பு) இருந்தால், அளவீட்டுப் பிழை பற்றிய பகுதியைப் படியுங்கள். கடைசியாக முடித்த இருவர் எத்தனை ஆண்டு எடுத்தார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள்.

பார்ட் டைம்தான் முடியும் என்றால், அதுவும் செல்லுபடியாகும் பட்டமே. யு.ஜி.சி. 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் கல்லூரி தரும் என்.ஓ.சி.யை (தடையில்லாச் சான்று) வாங்கிய பிறகே ஃபீஸ் கட்டுங்கள். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் தருவோம், கோர்ஸ் ஒர்க்குக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்ற இரண்டும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.