எறிகத்தியின் நீளமும் எடையும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் எறிகத்தி பழகுகிறேன். என்னிடம் இருப்பவை இரண்டு: ஒன்று 32 சென்டிமீட்டர், 280 கிராம், மற்றது 20 சென்டிமீட்டர், 90 கிராம். 3 மீட்டரில் நின்று எறிந்தால் பெரியது மரத்தில் குத்தி நிற்கிறது. சின்னது கைப்பிடி மேலே தூக்கியபடி மோதித் தெறிக்கிறது. எடை குறைந்த கத்தியைக் காற்று புரட்டிவிடும் என்கிறார் நண்பர். அது சரியா? அடுத்த கத்தியை நானே செய்ய எண்ணுகிறேன். எந்த அளவில் செய்யலாம்?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

காற்றின் மீது பழி போட வேண்டாம். 3 மீட்டரைக் கத்தி கடக்க ஆகும் நேரம் ஏறத்தாழ 0.3 வினாடி; அதற்குள் 90 கிராம் இரும்பைக் காற்று புரட்டிவிட முடியாது. எடை கூடிய கத்தி வேகமாகக் கீழே இறங்கும் என்றும் சிலர் சொல்வார்கள். மட்டமாக எறிந்தால் அந்த நேரத்தில் இரண்டுமே ஒரே அளவாக, சுமார் 44 சென்டிமீட்டர் இறங்கும்.

காரணம் நீளத்தில் இருக்கிறது. முழங்கையை அச்சாகக் கொண்டு கை சுழலும்போது கத்தியும் கையோடு சேர்ந்தே சுழல்கிறது. விரல்கள் விட்ட பிறகும் அதே சுழற்சிதான் அதற்கு மிஞ்சுகிறது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்குக் கத்தி கடக்கும் தூரம், முழங்கையிலிருந்து கத்தியின் எடைமையம் (விரல்மேல் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம்) வரை உள்ள நீளத்தைப் போல ஆறேகால் மடங்கு. அந்த நீளம் அரை மீட்டர் என்றால் சுற்றுக்கு 3.1 மீட்டர் வரும். உங்கள் சின்னக் கத்தியின் எடைமையம் ஆறு சென்டிமீட்டராவது கைக்கு நெருக்கமாக இருக்கும். அதனால் அது சுமார் 40 சென்டிமீட்டர் முன்னதாகவே சுற்றை முடித்துவிட்டு, மரத்தைத் தொடும்போது முனை கீழே கவிழ்ந்து, கைப்பிடி மேலே எழும்பி நிற்கிறது. அரை அடி, பிறகு இன்னும் அரை அடி என்று மெல்ல முன்னால் நகர்ந்து எறிந்து பாருங்கள். கைப்பிடி கீழே தொங்கினால் பின்னால் நகர வேண்டும். ஆளுக்கு ஆள் கை நீளமும் மணிக்கட்டின் பழக்கமும் மாறுவதால், உங்கள் தூரத்தை உங்கள் மரம்தான் காட்டித் தரும்.

அப்படியானால் எடைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கத்தியை விடும் நொடியில் ஒரு விரல் கொஞ்சம் பிந்தினாலும் அது கத்தியை இழுத்துச் சுழற்றிவிடும். அந்த இழுப்புக்கு அசையாமல் நிற்கும் தன்மை, எடையோடும் நீளத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து வளர்கிறது. கணக்குப் போட்டால் உங்கள் பெரிய கத்திக்கு அது சின்னதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. சின்னக் கத்தி உங்கள் கையின் ஒவ்வொரு பிழையையும் காட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் பழகுகிறவர்களுக்கு நான் அதைத் தருவதில்லை. மரத்தில் இறங்கும் ஆற்றலும் எடையால் வருவதே. ஒரே வேகத்தில் பெரியது மூன்று மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. அதற்காக 400 கிராமுக்கு மேல் போனால் தோள் சீக்கிரம் களைத்துவிடும்.

எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பதும் முக்கியம். நம் முன்னோர் வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தை மெல்லிய முனையில் பிடித்து, கனத்த முனை வெளியே இருக்க வீசினார்கள். கத்திக்கும் அதுவே முறை: கனமான பக்கம் கையை விட்டு விலகி இருக்கட்டும். முதல் கத்தி என்றால் எடைமையம் நடுவிலேயே இருப்பது நல்லது.

30 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புப் பட்டை 280 கிராம் இருக்கும். முனையைத் தீட்டி முடிக்கும்போது 250 கிராம் அளவில் வந்து நிற்கும். அந்த அளவில் செய்யுங்கள். பாராங் (வெட்டுக்கத்தி) அடிப்பவர்கள் எடுக்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்து எடுத்தால் போதும். எக்காரணம் கொண்டும் அரத்தில் செய்யாதீர்கள். சிறுவயதில் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால், மறுநடவுக்கு வெட்டிய பால்மரத்துண்டில் (ரப்பர் மரம்) அண்ணனும் நானும் அரத்துக் கத்தியை எறிந்தோம். மூன்றாவது எறியில் அது நடுவில் ஒடிந்து, முனைப்பாதி அண்ணனின் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தகரச் சுவரில் குத்தி நின்றது.

அன்புடன்.