கட்டுரை நோட்டு

வணக்கம் சார்,

டெல்டா பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிளஸ் ஒன் வகுப்புக்கு ‘என் நண்பன்’ என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு மாணவன் கடைசிப் பத்தியில், தனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு வருவதில்லை, பையன்கள்மீதுதான் வருகிறது என்று எழுதி, ‘வீட்டுல சொல்லிடாதீங்க மிஸ்’ என்று முடித்திருக்கிறான். சக ஆசிரியர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். “அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க, டாக்டர்கிட்ட காட்டிச் சரி பண்ணட்டும்” என்கிறார். நோட்டு நான்கு நாளாக என் பையிலேயே கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

பெயர் சொல்லாமல் கேட்டீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. மீதி, வீட்டுக்கும் சொல்லாமலிருப்பது. நல்லதுக்கு என்று நீங்கள் சொல்லப்போய், அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. உயிரை விடுவது பற்றி அவன் பேசினால் மட்டும் பேச்சு வேறு: தனியே விடாதீர்கள், மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். யாராவது அவனைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். இந்த இரண்டையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘சரி பண்ண’ இதில் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்படி ‘மாற்றும்’ சிகிச்சைகள் கூடாது என்று 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதற்குமுன் தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். உங்கள் சக ஆசிரியருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மேலிடத்துக் கையேட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாற்றுப் பாலினக் குழந்தைகளைப் பற்றி என்சிஇஆர்டி 2021-இல் ஒன்று வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் படித்த பள்ளியில், நடை கொஞ்சம் நளினமான ஒரு பையனுக்கு ‘ஒன்பது’ என்று பெயர். கணக்குப் பீரியடில் விடை ஒன்பது வந்தால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். வாத்தியார் வேண்டுமென்றே அவனைத்தான் எழுப்பி விடை கேட்பார். அவன் எட்டு என்பான், பத்து என்பான். தெரியாமல் அல்ல. நானும் சிரித்தவன்தான். அரைப்பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை.

ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியது அவனை மட்டுமல்ல, அவனைச் சுற்றியுள்ள சிரிப்பை. அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியே பாடத்தை நிறுத்துங்கள். ஆசிரியர் அறையில் விழுந்தாலும்தான். அங்கே நிறுத்துவதுதான் கஷ்டம். எந்தப் பையனின் தண்ணீர் பாட்டில் சாயங்காலம்வரை குறையாமல் இருக்கிறது என்று கவனியுங்கள். கழிப்பறைக்குப் போனால் வம்பு என்று தண்ணீரே குடிக்காமலிருப்பான்.

இன்னொன்று, தன்பாலீர்ப்பு உள்ளவர் வேறு, திருநங்கை வேறு. தமிழக அரசு 2022-இல் இதற்கான சொற்களை அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘குயர்’ என்பதற்கான ‘பால்புதுமையர்’ அதில் ஒன்று. தமிழாசிரியை, உங்களுக்குப் பிடிக்கும்.

நோட்டை இனியும் வைத்திருக்காதீர்கள். நான்கு நாளாக அவனுக்குத் தூக்கம் இருந்திருக்காது. மற்றவர்களுக்குப் போலவே ஒற்றுப்பிழைகளைச் சுழித்து, மதிப்பெண் போடுங்கள். ‘சொல்ல மாட்டேன்’ என்பதை நோட்டில் எழுதாமல் வாயால் சொல்லுங்கள். லீடரிடம் கொடுத்து விடாமல் அவன் கையிலேயே கொடுங்கள். அந்தத் தாளைக் கிழிப்பதா வேண்டாமா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.