நீவினால் கூன் நிமிருமா?

கேள்வி: கூன் நிமிர்த்தும் பெல்ட் ஆன்லைனில் 499 ரூபாய். வாங்கலாமா? (மேலூர் வாசகர்)

வேண்டாம். மதுரை தமுக்கம் பொருட்காட்சியில் ஒரு ஸ்டாலில் 650 ரூபாய் கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். அக்குளை அறுத்தது. கழற்றிய அஞ்சாம் நிமிஷம் பழைய கூன். இப்போது கேஸ் சிலிண்டரை ஸ்கூட்டரில் வைத்துக் கட்ட உதவுகிறது.

கேள்வி: வீட்டில் தையல் வேலை. கழுத்தும் தோள்பட்டையும் இறுகிவிடுகின்றன. ஒரு தெரபி சென்டரில் 20 சிட்டிங்குக்கு 18,000 ரூபாய் மொத்தமாக வாங்கினார்கள். நாலு தடவை போனேன். நீவிவிட்ட ராத்திரி நல்ல தூக்கம், மூணாம் நாள் பழையபடி வலி. மீதியைக் கேட்டால் 'பேக்கேஜுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். ரசீதும் தரவில்லை. (செல்லூர் வாசகி)

வலியோடு போய் உட்கார்ந்தவரிடம் 'இன்னைக்கே கட்டினால் தள்ளுபடி' என்றால் யாருக்கும் மனசு இளகத்தான் செய்யும். உங்களை நொந்துகொள்ளாதீர்கள் அம்மா. ரசீது தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். மீதி 16 சிட்டிங்குக்கு 14,400 ரூபாய் வருகிறது. அதைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார். மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரெண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இந்த பேக்கேஜ் சமாச்சாரம் எனக்கு வெகுநாள் எரிச்சல். முடிவெட்ட யாராவது 20 தடவைக்கு முன்பணம் கட்டுவோமா? தோளைத் தொட்டுப் பார்க்கும் முன்பே இத்தனை சிட்டிங் என்று சொல்கிறவர் எண்ணுவது நம் பர்ஸை. நீவுவதால் சுகம் இல்லை என்று சொல்லமாட்டேன், உண்டு. ஆனால் மறுநாள் அதே தாழ்ந்த மெஷினில் ஏழு மணி நேரம் குனிந்தால் தசை திரும்ப இறுகத்தான் செய்யும். மெஷினின் கால்களுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்துங்கள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார், வீட்டில் செய்ய ரெண்டு பயிற்சி தருவார், அடுத்த வாரம் வரச் சொல்வார். அவ்வளவுதான். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பிசியோதெரபி உண்டு, வரிசையில் நிற்கணும். விரல் மரத்துப்போனாலோ கத்தரிக்கோல் பிடி நழுவினாலோ நீவுகிறவரிடம் போகவே கூடாது, முதலில் டாக்டர்.

கேள்வி: சலூனில் கட்டிங் முடிந்ததும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார். காசு வாங்குவதில்லை. நல்லதா? (திருமங்கலம் வாசகர்)

கட்டிங்கோடு நிறுத்தச் சொல்லுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பு வழியாகத்தான் ஏறுகிறது. சடாரென்று திருகினால், அபூர்வமாக, அது உள்ளே கிழிந்து பக்கவாதம் வரை போகலாம்.

கேள்வி: அம்மாவுக்காக 1,35,000 ரூபாயில் மசாஜ் சேர் வாங்கினேன். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று பில் வாங்கவில்லை. அம்மா குள்ளம். கழுத்தில் உருள வேண்டிய உருளை தலையில் இடிக்கிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள். (வில்லாபுரம் வாசகர்)

அறுநூறு ரூபாய் செருப்பையே போட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம். அம்மாவை ஒரு ஆட்டோவில் கடைக்குக் கூட்டிப்போய் அஞ்சு நிமிஷம் அதில் உட்கார வைக்க முடியாதா சார்? வரியை மிச்சம் பிடித்தது நீங்களும் கடைக்காரரும் சேர்ந்துதான், இப்போது என்னிடம் நியாயம் கேட்டால்? பணம் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கில் ஏதாவது தடயம் இருந்தால் எழுதுங்கள், பார்ப்போம். இல்லையென்றால், அம்மாவைவிட ஒரு சாண் உயரமான ஆளாகப் பார்த்து விற்றுவிடுங்கள்.