தரங்கம்பாடியில் அச்சேறிய நற்செய்தி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: தமிழில் முதலில் அச்சான நூல் தரங்கம்பாடி வேதாகமம் என்று எங்கள் சபை மலரில் போட்டிருக்கிறார்கள். சரியா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: இல்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதைவிட 136 ஆண்டு மூத்தது. போர்த்துகீசிய யேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தந்த 16 பக்க நூல் அது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுதாக முதலில் அச்சானது அங்கேதான்: நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல், மீதி 1715-இல். 'வேதாகமம்' என்று மொத்தமாகச் சொல்வதும் பொருந்தாது. பழைய ஏற்பாட்டில், மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ரூத் புத்தகம் வரைதான் வந்தார். மிச்சத்தை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே, 1728-இல்.

கேள்வி: ஒரே நூல் இரண்டு தவணையாக ஏன் வெளிவந்தது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: எழுத்தின் உருவமும் காகிதமும்தான் காரணம். சீகன்பால்கு 1708 அக்டோபரில் மொழிபெயர்ப்பைத் தொடங்கி, நடுவில் நான்கு மாதம், தரங்கம்பாடியை ஆண்ட டேனியரின் கோட்டைச் சிறையில் இருந்தும், 1711 மார்ச்சில் முடித்துவிட்டார். அச்சுப்பொறி லண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை வார்த்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்து வெட்டினார்கள்.

தமிழ் அச்சில் ஒரு சிக்கல் உண்டு. கொம்பையும் காலையும் தனியாக வார்த்து எந்த மெய்யோடும் சேர்த்துக்கொள்ளலாம். கு, சு, து, கூ, சூ, தூ வரிசை அப்படிச் சேராது. 18 மெய்க்கு இரண்டு வீதம் 36 அச்சு தனியாக வேண்டும். பழைய ணா, றா, னா, லை போன்றவையும் தனி உருவம். ஒரு பக்கம் கோக்கவே பெட்டி நிறைய எழுத்து வேண்டும்.

ஹாலே எழுத்தோ பெரியது. அதிலேயே முழு நூலையும் அடித்தால் புத்தகம் தலையணை ஆகிவிடும். காகிதமும் கப்பலில் வரவேண்டிய சரக்கு. ஆகவே 1714 பகுதியைப் பெரிய எழுத்தில் முடித்துவிட்டு, சிறிய எழுத்தைத் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே வார்த்து மீதியை அடித்தார்கள். பொறையாரில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள், அது நீடிக்கவில்லை.

கேள்வி: அந்தப் புத்தகத்தால் யாருடைய வாழ்க்கையாவது மாறியதாகப் பதிவு உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஊரிலேயே உண்டு. தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன் பிறப்பால் கத்தோலிக்கர். சுவிசேஷங்களும் நடபடிகளும் அடங்கிய அந்த 1714 புத்தகம் ஒரு பண்டாரத்தின் (சைவத் துறவியின்) கையில் இருந்ததைக் கண்டு, இரவல் வாங்கி, ஓலையில் பெயர்த்தெழுதத் தொடங்கினார். அச்சிட்டது மீண்டும் ஓலைக்குப் போன வேடிக்கை இது. ஓலைதான் அவருக்குப் பழகிய புத்தகம். பிறகு தரங்கம்பாடி மிஷனைத் தேடிப் போய், உபதேசியாராகவே (மதபோதகராகவே) ஆகிவிட்டார். அதே மிஷனில் ஆரோன் என்ற தமிழர் 1733-இல் குருப்பட்டம் பெற்றார்.

கேள்வி: வீரமாமுனிவர் அந்த மொழிபெயர்ப்பை ஏளனம் செய்தாராமே?
- வாசகர், திருச்சி

பதில்: செய்தார். நடை கரடுமுரடு என்பது நியாயமான குறைதான். கற்ற தமிழர் காதில் அது உறுத்தியிருக்கும். ஆனால் அவருடைய கொடுந்தமிழ் (பேச்சுத் தமிழ்) இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது எந்த அச்சகம் தெரியுமா? அதே தரங்கம்பாடி மிஷன் அச்சகம்.