பழைய மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் யாராவது கணினிச் சாமான் வாங்கப் போனால் முதலில் எனக்கு ஒரு மெசேஜ் வரும். இந்த முறை மானிட்டரைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மகன் படிவம் 5 படிக்கிறான். லேப்டாப் திரை சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்கிறான். 150 வெள்ளிக்குள் (ரிங்கிட்) நல்லது கிடைக்குமா அண்ணே?

கிடைக்கும் அக்கா. ஆனால் வீட்டில் வைத்திருந்ததைத் தேடாதீர்கள், ஆபீசில் இருந்ததைத் தேடுங்கள். பெரிய நிறுவனங்கள் கணினிகளை மூன்று நான்கு வருடம் வாடகைக்கு எடுத்துவிட்டு மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படி வரும் மானிட்டர்கள்தான் பழையதைச் சரிபார்த்து விற்கும் ரீகண்டிஷன் கடைகளில் அடுக்கியிருக்கும். டெல்லில் 'பி' அல்லது 'யு' வரிசை, எச்பியில் 'இ' வரிசை, லெனோவோவில் திங்க்விஷன் 'டி' வரிசை. பெரும்பாலும் இவற்றின் ஸ்டாண்டை ஏற்றி இறக்கலாம், திரையும் கண்ணாடி மாதிரி பளபளக்காது. மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அந்த ஸ்டாண்டே பாதி வைத்தியம்.

டெல் மாடல் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். பி2419ஹெச் என்றால் 24 இன்ச், கடைசி 19 ஏறக்குறைய ஆண்டைச் சொல்கிறது. அது 2018இல் வந்த மாடல். யு2412எம் அதேபோல 24 இன்ச், 2011இல் வந்தது. சரியான மாதமும் வருடமும் பின்பக்க லேபிளில் இருக்கும். விற்பவர் "இரண்டு வருடம்தான் பாவித்தேன்" என்று சொன்னால் அந்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். புதிய 24 இன்ச் முழு ஹெச்டி (1920×1080 புள்ளிகள்) மானிட்டரே இப்போது 300, 400 வெள்ளிக்குள் வாரண்டியோடு வந்துவிடுகிறது. பழையதற்கு அதில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். 250 வெள்ளி கேட்கிறார்களா? கொஞ்சம் பொறுத்துப் புதிதாகவே வாங்குங்கள்.

எங்கே வாங்குவது? ஈப்போ போகணுமா, இல்லை கோலாலம்பூர் லோ யாட் கணினி பிளாசா வரைக்கும் போகணுமா?

ஒரு மானிட்டருக்காக லோ யாட் போனால் மிச்சம் பிடித்த காசு போக்குவரத்துக்கே போய்விடும். ஈப்போ போதும். ரீகண்டிஷன் கடையில் விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு வாரமோ ஒரு மாதமோ மாற்றித் தருவார்கள். அதை ரசீதில் எழுதி வாங்குங்கள், வாய்ப் பேச்சை நம்பாதீர்கள். முடா, கெரோசல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இணையச் சந்தைகளில் விலை குறைவு, அதற்கேற்ற ஆபத்தும் உண்டு. கூரியரில் அனுப்பும் பழைய மானிட்டரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. விற்பவர் நல்லவராகவே இருந்தாலும் பெட்டியும் தெர்மோகோலும் இல்லாத திரை வழியில் விரிசல் விட்டால் யாரைக் கேட்பது?

ஒருவர் 24 இன்ச் மானிட்டரை 60 வெள்ளிக்குத் தருகிறாராம். 'நிறைய பேர் கேட்கிறார்கள், 30 வெள்ளி டெபாசிட் போடு' என்கிறார். போடலாமா?

போடாதே தம்பி. விலையே சந்தேகம், அவசரப்படுத்துவது அதைவிடச் சந்தேகம். அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் மோசடிப் புகார் வந்த எண்களைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார். அங்கே புகார் இல்லை என்பதற்காக நல்லவர் என்று அர்த்தமில்லை, புதுக் கணக்காகவும் இருக்கலாம். பொருளைக் கண்ணால் பார்த்தபின்தான் காசு. ஏற்கனவே அனுப்பிவிட்டு ஏமாந்தவர்கள் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்கணும்? அவர் பெட்ரோல் நிலையத்தில் சந்திக்கலாம் என்கிறார்.

பெட்ரோல் நிலையத்தில் பிளக் எங்கே இருக்கிறது? இப்படிச் சந்திக்கிறவர்கள் பலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது வெறும் பிளாஸ்டிக்கைப் பார்ப்பது. மாமாக் கடையில் சந்திப்போம் என்று சொல்லுங்கள். ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு முதலாளியிடம் கேட்டால் பிளக் தருவார். கையில் லேப்டாப்பும் கேபிளும் இருக்கட்டும்.

முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து படங்களை முன்கூட்டியே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, அழுத்திய தழும்பு, மூலையில் மஞ்சள் எல்லாம் தெரியும். கறுப்பில் எப்போதும் எரியும் புள்ளிகளும் ஓரத்தில் வெளிச்சக் கசிவும் தெரியும். மூலையில் ஒரு புள்ளி இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். நடுவில் இருந்தால் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், வேண்டாம். சிசிடிவிக்கோ கடைக் கல்லாவுக்கோ ஓடிய மானிட்டரில் பழைய படத்தின் நிழல் படிந்திருக்கும். சாம்பல் நிறத்தை வைத்துப் பார்த்தால் அது பிடிபடும்.

அப்புறம் குறைந்தது 15 நிமிடம் எரியவிடுங்கள். சூடேறியபின் மினுக்குவது, தானாக அணைவது போன்ற நோய்களை அவசரக்காரர்கள் கண்டுபிடிப்பதே இல்லை. பொத்தான்கள் எல்லாவற்றையும் அமுக்கிப் பாருங்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றிப் பாருங்கள். ஏற்கனவே நூறில் இருந்தும் மங்கலாக இருந்தால் அதற்கு மேல் அது ஏறாது.

லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பல டெல் மானிட்டர்களில் சோதனை வசதி உள்ளேயே இருக்கிறது. வீடியோ கேபிளைக் கழற்றிவிட்டுக் குறிப்பிட்ட பொத்தானைப் பிடித்திருந்தால் வண்ணங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

என் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். பார்த்த மானிட்டரில் விஜிஏ, டிவிஐ, டிஸ்பிளே போர்ட் இருக்கிறது, ஹெச்டிஎம்ஐ இல்லை. கேபிள் மாற்றினால் போதுமா?

நீங்கள் பார்த்தது யு2412எம் என்று நினைக்கிறேன், படம் வாங்கும் போர்ட் (கேபிள் மாட்டும் இடம்) அதில் இந்த மூன்றும்தான். பயப்பட வேண்டாம். ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்குச் சாதாரண கேபிள் போதும், இரண்டும் ஒரே வகை டிஜிட்டல் சிக்னல். படம் அப்படியே வரும், ஒலியை லேப்டாப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்பிளே போர்ட் பக்கம் போகும்போதுதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். கடையில் விற்கும் மலிவான டிஸ்பிளே போர்ட்–ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒருவழிப் பாதை: கணினியில் டிஸ்பிளே போர்ட், மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ இருந்தால் வேலை செய்யும். உங்களுக்குத் தேவை எதிர்த்திசை. அதற்குள் சிப் வைத்த கன்வர்ட்டர் வேண்டும், விலையும் கூட. விஜிஏக்கும் சிப் உள்ள கன்வர்ட்டர்தான். படம் வரும், எழுத்து சற்று மழுங்கும். யூஎஸ்பி-சி மட்டும் உள்ள லேப்டாப் என்றால் அந்த போர்ட் வீடியோ தருமா என்று முதலில் பாருங்கள்.  மானிட்டர் விலையோடு கேபிள் விலையையும் கூட்டித்தான் 'மலிவு' என்று சொல்லணும்.

14 வோல்ட் என்று போட்ட சாம்சங் மானிட்டர், அடாப்டர் இல்லாமல் 50 வெள்ளி. வீட்டில் பழைய லேப்டாப் அடாப்டர் இருக்கிறது, முனை சரியாகப் பொருந்துகிறது.

முனை பொருந்துவது பொருத்தமே இல்லை! லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். 14 கேட்கிற பலகைக்கு 19ஐக் கொடுத்தால் 50 வெள்ளி புகையாகப் போய்விடும். வோல்ட் ஒன்றாக இருக்கணும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கணும், முனையின் பிளஸ் மைனஸும் ஒத்துப்போகணும். சரியான அடாப்டரின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் 32 இன்ச் டிவியையே மானிட்டராகப் போட்டால்?

படம் பார்க்கச் சரி, பாடம் படிக்கச் சரியில்லை. அந்த அளவு டிவிகள் பலவற்றில் 1366×768 புள்ளிகள்தான், மேசைக்குப் பக்கத்தில் எழுத்து கரடுமுரடாகத் தெரியும். முழு ஹெச்டி டிவி என்றால் போட்டுப் பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவு அமைப்பை மாற்றுங்கள்.

செங்குத்தாக ஒரே ஒரு கோடு. 24 இன்ச், 30 வெள்ளி.

வேண்டாம். அது திரைக்குள்ளேயே இருக்கும் பழுது, கேபிள் மாற்றிப் போகாது. ஒரு கோடு நாளைக்கு நாலாகும்.

கேம் விளையாட 144 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டர் பார்க்கிறேன் அண்ணே.

நொடிக்கு 144 முறை படம் மாறும் அந்த வேகம் எந்த போர்ட் வழியாக வரும் என்று கேள். ஆரம்ப கால மாடல்கள் பலவற்றில் டிஸ்பிளே போர்ட் அல்லது டூயல் லிங்க் டிவிஐயில் மட்டும்தான் அந்த வேகம், ஹெச்டிஎம்ஐயில் 60தான். உன் கணினி அத்தனை ஃபிரேம் தருமா என்பதும் இருக்கிறது. தராவிட்டால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு மிச்சத்தில் மெமரி போடு.

தோட்டத்து வீட்டில் எறும்பு அதிகம். திரைக்குள்ளே ஒன்று நடக்கிறது!

விரலால் அழுத்தாதீர்கள், நசுங்கினால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடும். மானிட்டரை அணைத்துவிட்டு இரவில் பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைத் தேடி வெளியே வந்துவிடும். தோட்டத்து வீட்டுக்கு இன்னொன்று: சாயங்கால இடி மழைக்கு சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். லேப்டாப்பில் இன்டர்நெட் கேபிள் மாட்டியிருந்தால் அதையும்தான்.

மோட்டாரில் ஈப்போவிலிருந்து கொண்டுவரலாமா?

பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடித்தால் வரலாம். ஸ்டாண்டைக் கழற்றுங்கள். திரைமேல் அட்டையை வைத்துப் போர்வையால் சுற்றி, நிமிர்த்திப் பிடிக்கணும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. கயிறு போட்டுத் திரையை இறுக்காதீர்கள்.

கோயில் கணக்கு எழுத 19 இன்ச் சதுர மானிட்டர் இரண்டு, சேர்த்து 70 வெள்ளி. பழைய காலத்துச் சாமான் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் ஐயா. 1280×1024, எழுத்து பெரிதாகத் தெரியும், 1366×768 திரையைவிடக் கணக்குப் பட்டியலில் கூடுதல் வரிகள் ஒரே பார்வையில் வரும். ஒரே ஒரு கவலை: இந்த வயது மானிட்டர்கள் பெரும்பாலும் எல்இடி அல்ல, உள்ளே மெல்லிய குழல் விளக்கு. நாளாக நாளாக அது மஞ்சளாகி மங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். வெளிச்சமான ஒன்றை மட்டும் 35 வெள்ளிக்குக் கேளுங்கள். மற்றதையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றால் 50க்கு மேல் போகாதீர்கள்.